துறையும் தடமும்: புத்தளக் கரையோர நீர்க்கணக்குப் பற்றிய ஒரு திறனாய்வு

1

தமிழில் ‘துறை’ எனும் சொல்லுக்குப் பொருள்கள் பல. மக்கள் நீருக்கு இறங்குமிடம் துறை. தோணி அணையுமிடம் துறை. பாடல் மரபில் திணையின் உட்பிரிவும் துறை. வேளாண்மை, கைத்தொழில், சேவை என நாட்டின் உற்பத்தியைப் பிரித்துரைக்கும் இன்றைய பொருளியலாளரும் அதே சொல்லையே கையாளுகின்றனர். முதற்பொருளில் துறை என்பது குறிப்பிட்ட மனிதர் குறிப்பிட்ட நீரைத் தொடும் இடமாகும். இறுதிப் பொருளிலோ அச்சொல்லில் இடமுமில்லை, மனிதருமில்லை. எண்கள் மாத்திரமே எஞ்சியுள்ளன. ஒரு சொல் இவ்வாறு வெறுமையடைந்தமை வெறும் அகராதிச் செய்தியன்று. நீர்ப் பயன்பாட்டைத் துறைவாரியாக அளந்து, அவ்வளவையின் அடிப்படையில் அதனைச் ‘சீர்செய்ய’ முனையும் கோட்பாட்டை மதிப்பிடுவதற்கு அது பொருத்தமானதொரு நுழைவாயிலாகும்.

‘நீர்த்தடம்’ என வழங்கும் இக்கோட்பாட்டை இலக்கியத் திறனாய்வாளர் ஆராயப் புகுவது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், கணக்கேடும் ஒரு பனுவலே. எதனைப் பதிவு செய்வது, எதனை விடுவது, எதனை எதனோடு கூட்டுவது என்னும் தெரிவுகள் அதனுள்ளும் உள்ளன. அத்தெரிவுகளுக்குப் பின்னால் ஒரு நோக்குநிலை உண்டு. அந்நோக்குநிலைக்குச் சமூக அடித்தளம் உண்டு. கற்பிட்டியிற் பிறந்து, தமிழ்ப் புலவர் வரலாற்றை ‘தமிழ் புளூட்டாக்’ என 1859 இல் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி, அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1834 இல், இலங்கை பற்றிய இடவிவரத் தொகுப்பொன்றையும் வெளியிட்டவர். புலவர் பட்டியலும் ஊர்ப் பட்டியலும் ஒரே கையினின்று பிறந்த இப்பிரதேசத்திலே, பட்டியலையும் பாடலையும் ஒருங்கே வாசித்தல் புதுமையானதன்று.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு, நீர்த்தடக் கணக்கு எதனை வெளிப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

2

கோட்பாட்டின் வரலாற்றை முதலில் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1990களின் முற்பகுதியில் இலண்டனைச் சேர்ந்த புவியியலாளர் ரொனி அலன் ‘மறைநீர்’ எனும் எண்ணக்கருவை முன்வைத்தார். வறண்ட மத்திய கிழக்கு நாடுகள் தானியத்தை இறக்குமதி செய்யும்போது, அத்தானியத்தை விளைவிக்கச் செலவான நீரையும் உடன் இறக்குமதி செய்கின்றன என்பதே அதன் சாரம். இதன் தொடர்ச்சியாக ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002 இல் நீர்த்தடம் எனும் அளவையை உருவாக்கினார். அதன் கணக்கிடு முறையை விளக்கும் கைந்நூல் 2011 இல் வெளியாயிற்று.

அக்கைந்நூல் நீரை மூன்று நிறங்களாக வகுக்கின்றது. மண்ணில் ஊறிப் பயிரினால் உறிஞ்சப்படும் மழை பச்சை நீர். ஆறு, குளம், தரைக்கீழ் நீர் ஆகியவற்றிலிருந்து எடுத்து, ஆவியாகியோ பண்டத்துட் சேர்ந்தோ திரும்பாது போவது நீல நீர். கழிவாகச் சேரும் மாசை ஏற்புடைய தரத்துக்கு நீர்க்கச் செய்யத் தேவையாகும் நீரின் அளவு சாம்பல் நீர். இம்முறைப்படி 1996 முதல் 2005 வரையான காலத்தில் மனிதகுலத்தின் ஆண்டுச் சராசரி நீர்த்தடம் ஏறத்தாழ 9,087 பில்லியன் கனமீற்றர் எனவும், அதில் 92 சதவீதம் வேளாண் உற்பத்தியைச் சார்ந்தது எனவும் மதிப்பிடப்பட்டது. ஒரு கிலோகிராம் அரிசிக்கு ஏறத்தாழ 2,500 லீற்றர், அதே அளவு மாட்டிறைச்சிக்கு ஏறத்தாழ 15,400 லீற்றர் என்னும் உலகச் சராசரிகள் இன்று பரவலாக எடுத்தாளப்படுகின்றன.

இவ்வளவையின் முற்போக்கான அம்சத்தை மறுத்தல் தகாது. சந்தையில் ஒரு பண்டம் விலையோடு மட்டுமே தோன்றுகின்றது; அதனுள் உறைந்திருக்கும் உழைப்பும் இயற்கையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பண்டத்தின் இம்மாயத் தோற்றத்தை மார்க்ஸ் 1867 இல் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் அம்பலப்படுத்தினார். நீர்த்தடக் கணக்கும், ஓரளவுக்கேனும், அத்திரையை விலக்குகின்றது. யப்பானியச் சந்தைக்குச் சென்ற இறாலுக்கும் கொழும்புச் சந்தைக்குச் செல்லும் வெங்காயத்துக்கும் பின்னால் ஒரு கரையின் நீர் இருக்கின்றது என நினைவூட்டுவது பயனுள்ள பணியே. அளவையை முதலாளித்துவத்தின் சூழ்ச்சியென ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது மார்க்சியமாகாது. பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளையும் பாராளுமன்ற நீல நூல்களையும் வரிவரியாகப் பயன்படுத்தியே மார்க்ஸ் தமது வாதத்தைக் கட்டியெழுப்பினார். எண்ணைக் கைவிடாது, எண்ணுள் மறைந்திருக்கும் உறவை வெளிக்கொணர்வதே அவர் காட்டிய வழி.

எனினும், ஒரு திரையை விலக்கும் இக்கணக்கு இன்னொன்றைத் தொங்கவிடுகின்றது. எல்லா நீரையும் கனமீற்றர் எனும் ஒரே அலகுக்குள் கொணரும்போது, மழைநீர், கிணற்றுநீர், இன்னும் எங்குமே இல்லாத கற்பனைச் சாம்பல் நீர் யாவும் ஒன்றோடொன்று கூட்டத்தக்கனவாகின்றன. நீரின் பயன்மதிப்பு அது எங்கே, எப்போது, எத்தன்மையோடு, யாருக்குக் கிடைக்கின்றது என்பதைப் பொறுத்தது. நீரைப்போற் பயனுள்ளது வேறில்லையாயினும் அதற்கு மாற்றாக எதனையும் பெறுதல் அரிது என 1776 இல் அடம் சிமித் வியந்தார். அன்று பரிவர்த்தனை மதிப்பற்றிருந்த நீருக்கு, எல்லா நீரையும் ஒப்பாக்கும் பொது அலகொன்று இன்று கிடைத்துள்ளது. பொது அலகு பிறந்த இடத்தில் விலைச்சீட்டு வெகுதொலைவில் இருப்பதில்லை.

3

புத்தளக் கரை இவ்வளவையின் தகுதியைச் சோதிப்பதற்கு ஏற்ற களம். சில மைல் அகலத்துக்குள் நான்கு வகை நீர் இங்கு அருகருகே கிடக்கின்றது. தென்னந்தோட்டத்தின் மழைநீர், மணலடியில் நன்னீர், களப்பிலும் ஒல்லாந்தர் கால்வாயிலும் உவர்நீர், மேற்கே கடல்நீர் என்பன அவை. இந்நான்கையும் சார்ந்து நான்கு வகை உற்பத்தியும் நடைபெறுகின்றது. நீர்த்தடத்தின் மூன்று நிறங்களை இந்நான்கு நீர்களின்மேற் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, தென்னை. மாவட்டத்தின் தென்பகுதி இலங்கையின் ‘தென்னை முக்கோண’த்தைச் சேர்ந்தது, 1929 இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையம் லுணுவிலவில் அமைந்துள்ளது. இங்குள்ள தென்னை பெரும்பாலும் மழையை நம்பியது. ஆதலால் அதன் தடம் பெரும்பாலும் பச்சை. நீர்த்தட அறிஞர் பலர் பச்சை நீரை ஒப்பளவிற் குற்றமற்றதாகவே கொள்வர். மழை எவரிடமிருந்தும் பறிக்கப்படுவதில்லை என்பது அவர்தம் கருத்து. ஆயின் மழை நிலத்தின்மீதே விழுகின்றது. நிலமோ உடைமையாக உள்ளது. பெருந்தோட்டமொன்றின் பச்சை நீர் அந்நிலவுடைமையின் மறுபெயரேயன்றி வேறில்லை. நிலமற்ற கூலியாளுக்குப் பச்சை நீர்த்தடம் எதுவுமில்லை. அதற்குக் காரணம் அவரது சிக்கனமன்று. மழையை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு பேர்ச் நிலமும் இல்லாமையே. நிலவுடைமை உறவைக் காலநிலைச் செய்தியாக மாற்றிவிடுவது பச்சை நிரலின் முதற் குறை.

இரண்டாவது, கற்பிட்டித் தீவகற்பத்தின் தோட்டச்செய்கை. களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இம்மணற்பரப்பில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றை ஒட்டிய மாதங்களிலேயே பெய்கின்றது. மணலூடே இறங்கும் அம்மழை, கனமான உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தேங்குகின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை அது பரந்திருக்கும் என்பது நீரியலாளர் கண்ட பொதுவிதி. இதன் மறுதலை அச்சந்தருவது. மேலே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலை நீடிப்பின், கீழிருந்து உவர் நாற்பதடி மேலெழ இடமுண்டு. சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, மரக்கறி என ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து விளைவிக்கும் இத்தோட்டங்கள், ஆழமற்ற கிணறுகளிலிருந்து பம்பிகளால் இறைக்கும் அந்நீரையே நம்பியுள்ளன. கைவாளியால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பு இறைப்புக்கு ஓர் எல்லை வகுத்தது. பம்பி வந்தபின் அவ்வெல்லையை எரிபொருள் விலையும் கடன்வசதியும் வகுக்கின்றன.

நீல நிரல் இங்கு ஒரு நுட்பமான தவறுக்கு இடமளிக்கின்றது. ஆவியானது மட்டுமே அதில் ‘நுகர்வு’. நிலத்துக்குத் திரும்பியது நுகர்வாகாது. கற்பிட்டி மணலில் இறைத்த நீரின் ஒரு பகுதி விரைவில் அதே வில்லைக்குத் திரும்பிவிடுகின்றது. ஆகவே அளவில் இழப்புக் குறைவு. ஆயின் அது வெறுங்கையோடு திரும்புவதில்லை. மணல் பிடித்துவைக்க இயலாத உரத்தையும் ஏந்திச் செல்கின்றது. மீண்டும் அதே நீர் இறைக்கப்படுகின்றது, மீண்டும் உரம் கரைகின்றது, மீண்டும் திரும்புகின்றது. 1980களிலேயே இப்பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்றுச் செறிவு குடிநீருக்கான எல்லையைக் கடந்திருந்தமையை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். நீல நிரல் ‘திரும்பிவிட்டது’ என ஆறுதல் கூறும் நீரையே அயல்வீட்டார் குடிக்கின்றனர்.

மூன்றாவது, உவர்நீரும் கடல்நீரும் சார்ந்த தொழில்கள். நீர்த்தடத்தின் நீல நிரல் நன்னீரை மட்டுமே கொள்ளும். எனவே உப்பளங்களில் வெயிலால் வற்றும் கடல்நீருக்கு அதில் இடமில்லை. நுரைச்சோலையில் 2011 இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று அளவை எட்டிய அனல்மின் நிலையம் குளிர்த்தலுக்கு உள்வாங்கி வெளிவிடும் கடல்நீருக்கும் அதில் இடமில்லை. இறால் பண்ணைக் குளங்களின் உவர்நீரும் அவ்வாறே கணக்குக்குப் புறம்பானது. அப்பண்ணைகளின் தடத்திற் கணிசமான பகுதி இறாலுக்கு இடும் தீனியைச் சார்ந்தது. அத்தீனிக்கான சோயாவும் கோதுமையும் விளைந்த வேற்று நாட்டு வயல்களிலேயே அது பதிவாகும். இக்கணக்கை மட்டும் வாசிக்கும் ஒருவர், கற்பிட்டி வெங்காயத் தோட்டக்காரரே நீரை விரயஞ்செய்பவர் எனவும், இறால் முதலீட்டாளர் கரையின் நீரைத் தொடவேயில்லை எனவும் முடிவுசெய்யக்கூடும்.

வரலாறு கூறுவது வேறு. 1980களில் முந்தல், சிலாபம் பகுதிகளிற் பெருகிய இறால் பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவையும் அதே கால்வாயிலே விட்டன. ஒருவரின் வெளியேற்று வாய் மற்றொருவரின் உள்ளேற்று வாயாயிற்று. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது அக்கால்வாயே நோயின் நெடுஞ்சாலையாகவும் அமைந்தது. தனியுடைமையான குளங்களைப் பொதுவான கால்வாய் ஒன்று இணைத்திருந்தது. இலாபம் குளத்தோடு நின்றது, நோய் கால்வாயோடு சென்றது. பெருமுதலீட்டாளர் பலர் விலகினர். கண்டல் வெட்டப்பட்ட நிலமும் உவரேறிய குளங்களும் கைவிடப்பட்டு இன்றும் கிடக்கின்றன. நெல்லுக்கோ தென்னைக்கோ எளிதில் மீளாத அந்நிலம் நீர்த்தடத்தின் எந்த நிறத்திலும் இல்லை.

களப்பையும் இங்குச் சேர்த்து நோக்குதல் தகும். புத்தளக் களப்புக்குக் கலா ஓயாவும் மீ ஓயாவும் கொணரும் நன்னீரே அதன் உவர்ப்பைச் சமன்செய்வது. மேலே அணைகள் கட்டப்பட்டு நீர் திருப்பப்படும்போது, வறண்ட மாதங்களில் களப்பு கடலினும் உவர்ப்பாகின்றது. களப்பு மீனவர் ஒரு துளி நன்னீரையும் இறைப்பவரல்லர்; ஆயினும் நன்னீர் வராமையால் இழப்படைபவர் அவரே. எடுத்ததை மட்டும் எழுதும் கணக்கில் இழந்தவர் பெயர் ஏறுவதில்லை.

4

சாம்பல் நிரலே இக்கோட்பாட்டின் மிகவும் சுவையான பகுதி எனலாம். மாசின் மொத்த அளவை, ஏற்புடைய உச்சச் செறிவுக்கும் இயற்கைச் செறிவுக்கும் இடையிலான வேறுபாட்டால் வகுத்தால் வருவது சாம்பல் நீர். கற்பிட்டி மணலுக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகப் பொருத்துவோம். ஒரு ஹெக்டேயரில் ஆண்டொன்றுக்கு 100 கிலோகிராம் நைதரசன் கீழிறங்குகின்றது எனக் கொள்வோம். குடிநீரில் நைத்திரேற்றின் உச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகக் கூறின் ஏறத்தாழ 11. கணக்கு எளிதாதற்பொருட்டு 10 எனவும், இயற்கைச் செறிவு சுழியம் எனவும் கொண்டால், தேவையான நீர் 10,000 கனமீற்றர். ஒரு ஹெக்டேயரின் பரப்பு 10,000 சதுரமீற்றர். ஆகவே அத்தோட்டத்தின்மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டும். கற்பிட்டியின் ஓராண்டு மழை முழுவதும் அதே ஒரு மீற்றரே. அதிலும் பெரும்பகுதி ஆவியாகிவிட, எஞ்சியதே வில்லையைச் சேர்கின்றது. மாசைக் கரைக்க வேண்டிய நீர் அவ்விடத்தில் இல்லை, இருக்கவும் முடியாது.

ஆகவே சாம்பல் நீர் எனப்படுவது உள்ள நீரின் அளவன்று. அது ஒரு கடன். வருங்கால மழையின் பெயரில் எழுதப்பட்ட கடன்பத்திரம். கடன் என்று கொண்டவுடன் மூன்று வினாக்கள் எழுகின்றன. கடன்பட்டவர் யார்? அதனால் ஆதாயமடைந்தவர் யார்? அதனை அடைப்பவர் யார்? ‘வேளாண் துறை’ என்னும் ஒற்றைச்சொல் இம்மூன்று வினாக்களுக்கும் ஒரே விடையைத் தந்து தப்பித்துவிடுகின்றது.

உண்மையில் மூவரும் வெவ்வேறானவர். உரத்தை இடுபவர் சிறு தோட்டக்காரர். பிடிப்பற்ற மணலில், கடன்பட்டு வாங்கிய விதைக்கும் இறைப்புக்கும் விளைச்சல் கிட்டாவிடின் அடுத்த போகமில்லை என்னும் நிலையில், உரத்தைக் கூட்டி இடுவதே அவருக்குக் கிடைத்த ஒரே காப்புறுதி. ஆதாயமடைபவர் உள்ளீட்டையும் கடனையும் கொடுத்து விளைவையும் வாங்கிச்செல்லும் வணிக மூலதனம். 1962 இல் தொடங்கிய உர மானியக் கொள்கையும் இப்பழக்கத்தை வளர்த்ததில் பங்குகொண்டது. கடனை அடைப்பவரோ குழாய்நீரின்றி அதே மணற் கிணற்றில் நீரள்ளுபவர். சிறப்பாக, நைத்திரேற்று மிகுந்த நீரால் அதிகம் பாதிப்புறக்கூடிய கைக்குழந்தைகள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுட் பெரும்பான்மையோர் இம்மாவட்டத்தின் கரையோரப் பிரிவுகளிலேயே தஞ்சமடைந்தனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. வீடும் காணியும் இழந்து வந்த அவர்கள் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் இறால் பண்ணைகளிலும் குறைந்த கூலிக்கு உழைத்தனர். ஏற்கெனவே நலிந்திருந்த கிணறுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையில், ஊராருக்கும் வந்தாருக்கும் இடையே நீர் ஒரு முரண்பாடாயிற்று. அம்முரண்பாட்டை இரு சமூகங்களின் குணவேறுபாடாக விளக்குவது எளிது. பலரும் அவ்வாறே விளக்கினர். ஆயின் வில்லையை வற்றச் செய்ததும் கெடுத்ததும் குடிநீர்க் குடங்களல்ல. மலிந்த உழைப்பால் விரிவடைந்த உற்பத்தியே அதற்குக் காரணம். அவ்வுழைப்பைத் தந்தவரே கெட்ட நீரையும் குடித்தனர். ஒரே மனிதர் கணக்கின் இரு புறத்திலும் நின்றும், கணக்கில் எங்குமே தோன்றாமற் போனார். முதலாளித்துவ வேளாண்மை மண்ணின் வளத்தையும் உழைப்பாளரின் உடலையும் ஒருங்கே சுரண்டியே வளர்கின்றது என ‘மூலதன’த்தின் பொறிகள் பற்றிய இயலின் இறுதியில் மார்க்ஸ் கூறிய கருத்துக்குக் கற்பிட்டியின் மணல் துலக்கமான சான்றாகும்.

5

அளப்பதன் நோக்கம் ‘நீர்ப் பயன்பாட்டைச் சீர்செய்தல்’ எனப்படுகின்றது. யாருக்காகச் சீர்செய்தல் என்பதே அடிப்படை வினா. துறைவாரிக் கணக்கோடு ‘ஒரு கனமீற்றர் நீருக்கு எத்தனை ரூபாய் வருமானம்’ என்னும் அளவுகோல் இணையும்போது விடை தானாகவே வந்துவிடும். வெங்காயம் ஈட்டுவதினும் ஏற்றுமதி இறால் மிகுதியாக ஈட்டும். அதனினும் உல்லாச விடுதியின் நீச்சற்குளம் மிகுதியாக ஈட்டும். கற்பிட்டித் தீவகற்பத்தையும் அதனைச் சூழ்ந்த 14 தீவுகளையும் சுற்றுலா வலயமாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டதொரு கரையில் இது வெறும் ஊகமன்று. குடித்தல் எனும் பயன்பாடு ஒரு ரூபாயும் ஈட்டாது; ஆகவே இவ்வளவுகோலில் அது கடைசியில் நிற்கும்.

இவ்விடத்திற் கொள்கை வரலாற்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1992 சனவரியில் டப்ளின் மாநாடு நீரைப் பொருளாதாரப் பண்டமாக ஏற்கவேண்டும் எனத் தனது நான்காம் கோட்பாட்டில் அறிவித்தது. அதன் எதிரொலியாக இலங்கையில் 2000 இல் முன்வைக்கப்பட்ட தேசிய நீர்வளக் கொள்கை, நீருரித்துகளைக் கைமாற்ற வழிசெய்யும் என்னும் காரணத்தால் விவசாய அமைப்புகளினதும் இடதுசாரிகளினதும் கடும் எதிர்ப்பைச் சந்தித்து முடங்கியது. நேரடியாக வர முடியாத விலை, அளவையின் வழியாக வரலாம் என்னும் ஐயம் ஆதாரமற்றதன்று. நீர்த்தட அறிஞர் அனைவரும் நீரை விற்க முனைபவர் என நாம் கூறவில்லை; ஹூக்ஸ்ட்ரா நீரைப் பொதுச்சொத்தாகவும் அதன் பங்கீட்டை நீதிப் பிரச்சினையாகவுமே எழுதினார். அளவையை ஆக்கியவரின் நல்லெண்ணம் அதனைக் கையாளும் வர்க்கத்தின் நலனைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதே எமது கருத்து.

எதிர்த்திசையிலிருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2021 இல் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையாற் தடைசெய்தது. சாம்பல் நீர்த்தடத்தைச் சுழியமாக்க அதனினும் விரைவான வழி தாளிற் கிடையாது. ஆயின் கடனும் சந்தையும் காணியுறவும் இருந்தவாறே இருக்க, உரம் மட்டும் அகற்றப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, விவசாயிகள் தெருவிலிறங்கினர், அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. உற்பத்தி உறவுகளைத் தொடாது உள்ளீட்டை மட்டும் மாற்ற முனைவோர் அடையும் கதி இதுவே.

6

எமது இலக்கிய மரபு இங்கு எவ்வகையில் உதவும்? திணைக் கோட்பாட்டை இயற்கை வருணனையாக மட்டும் கண்டு மயங்கும் போக்குக்கு எதிராக, கார்த்திகேசு சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், திணைகள் சமனற்ற வளர்ச்சியுடைய வாழ்க்கைமுறைகளை உணர்த்துவன எனக் காட்டினார். நிலம், பொழுது, தொழில், மாந்தர் ஆகிய நான்கும் ஒரே பகுப்பினுள் இணைந்திருப்பது திணையின் தனிச்சிறப்பு. நெய்தற் பாடல்களில் உப்பை நெல்லுக்கு மாற்றும் உமணரைக் காண்கின்றோம். கடல்நீரின் விளைவும் நன்னீரின் விளைவும் அங்கு மனிதர் கையாலேயே மாறுகின்றன, அக்கையும் பாடலிற் தெரிகின்றது. பொருளியலாளரின் ‘துறை’யிலோ நிலமுமில்லை, பொழுதுமில்லை, மாந்தருமில்லை, தொழில் மட்டுமே உண்டு. திணையை மீட்டெடுத்துப் பொற்காலம் காண்பது எம் நோக்கமன்று, அச்சமூகமும் ஏற்றத்தாழ்வுடையதே. இன்றைய கணக்கேட்டிற் குறைவது எது என்பதை அது சுட்டிக்காட்டுகின்றது என்பதே எமது வாதம்.

மக்கள் மொழியும் இவ்வுண்மையை மறந்ததில்லை. நன்னீர், சவர், உவர், களப்பு, கடல் எனக் கரையோரத் தமிழர் நீரை அதன் சுவையாலும் கிடக்கையாலும் பிரித்தறிவர், லீற்றரால் அன்று. கரைவலை இழுக்கும் உடப்பு மீனவர் பாடும் அம்பாப் பாடல், கூட்டுழைப்பின் தாளத்திலேயே உருவம் பெற்றது. எத்தனை கைகள் வலையைப் பிடித்தன என்பதை அப்பாடல் மறைப்பதில்லை.

நீர்த்தடக் கணக்கைப் புத்தளக் கரையில் மேற்கொள்ள முனைவோர் நான்கு திருத்தங்களை ஏற்றல் வேண்டும் எனக் கருதுகின்றோம். மாவட்டச் சராசரியைக் கைவிட்டு, ஒவ்வொரு நன்னீர் வில்லைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியே கணக்கெழுதுதல் முதலாவது. ஐப்பசி மழையைக் காட்டி ஆடி வறட்சியை நிரவ முடியாது. உவரேற்றத்துக்கெனத் தனி நிரல் அமைத்தல் இரண்டாவது. அதனால் இறால் பண்ணையும் களப்பும் கைவிடப்பட்ட குளமும் கணக்குக்குள் வரும். சாம்பல் நீரைக் கடனாகவே எழுதி, கடன்பட்டவர், ஆதாயமடைந்தவர், அடைப்பவர் என மூவரையும் பிரித்துக் காட்டுதல் மூன்றாவது. குடிநீரை எத்துறையோடும் போட்டியிடவிடாது, கூட்டலுக்கு முன்னரே ஒதுக்கிவைத்தல் நான்காவது.

இவற்றுள் முதலிரண்டும் நுட்பவியலாளர் செய்யத்தக்கன. பின்னிரண்டும் நுட்பத்தால் மட்டும் ஆகா. யாருடைய கிணற்றில் யாருடைய உரம் என்பதை எழுதுவதற்குக் கணக்கேடு அம்மக்களின் கையில் இருத்தல் வேண்டும். தோட்டக்காரர், கூலியாளர், மீனவர், இடம்பெயர்ந்து வந்தோர், ஊரார் ஆகியோர் ஒருங்கே அமர்ந்து தம் கிணறுகளின் நீரைத் தாமே சோதித்துப் பதியும் அமைப்பொன்று உருவாகுமாயின், அங்கு எழுதப்படும் நீர்த்தடம் கைந்நூலின் மூன்று நிறங்களினின்றும் வேறுபடும். அந்த ஏட்டில் துறை என்னும் சொல் மக்கள் நீருக்கு இறங்கும் இடம் என்னும் தன் பழம்பொருளை மீண்டும் பெறும். அதற்கான அரசியற் பணி நீரியலாளருக்கு மட்டும் உரியதன்று. சொற்கள் எவ்வாறு மனிதரை இழக்கின்றன என்பதை அறிந்த இலக்கிய மாணாக்கருக்கும் அதிற் பங்குண்டு என்பதே எமது துணிபு.